பதிலுக்குச் சண்டை போட ஒரு ஆள்

டாக்டரம்மா சொல்லி முடித்தபோது எனக்கு அழுகை வரவில்லை. மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டிதான், அது முதுகெலும்பு வரைக்கும் போயிருக்கிறது, முழுக்கக் குணமாக்க முடியாது, ஆனால் மருந்து கொடுத்து அடக்கி வைத்து நாளை ஓட்டலாம் என்று அவர் என் கண்ணைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். நல்ல மனுஷி. நான் தலையை ஆட்டிக்கொண்டே அவருடைய மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு பேனா மூடியில்லாமல் கிடந்தது. மூடி வைத்தால்தான் என்ன என்று எரிச்சலாக வந்தது.

காஞ்சிபுரம் திரும்பும் பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு பெண் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டு வந்தாள். தோலை ஜன்னல் வழியாக ஊதினாள். அது காற்றில் திரும்பி என் மடியில் வந்து விழுந்தது. இரண்டு தடவை தட்டிவிட்டேன். மூன்றாவது தடவை எழுந்து நின்றுவிட்டேன்.

"பின்னாடி ஒரு மனுஷி உக்காந்துக்கினு இருக்கறது கண்ணு தெரியலயா உனக்கு?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த என் கணவர் கையைப் பிடித்து இழுத்தார். அந்தப் பெண் பயந்துபோய், "தெரியாம வுழுந்துச்சும்மா" என்று மிச்சக் கடலையை முந்தானையில் முடிந்துகொண்டாள். அப்புறம் இறங்கும்வரை அவள் அதைத் தின்னவில்லை. எனக்குக் கால் நடுங்கிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வெளியே என் குரல் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை. நானே கேட்டதில்லை.

என் வேலை அப்படி. இருபத்திரண்டு வருஷமாக ஒரு பட்டுப் புடவைக் கடையில் புடவை எடுத்துப் போடுகிறேன். கல்யாணப் பிரிவு. வெள்ளைத் துணி விரித்த மெத்தைமேல் உட்கார்ந்து, ஒவ்வொரு புடவையாகப் பிரித்து, முந்தானையைத் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். எண்பது புடவை பிரிக்க வைத்துவிட்டு, "கலர் ஒண்ணும் அமையல" என்று எழுந்து போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் வாசல்வரை சிரிப்பு போக வேண்டும். எண்பதையும் மறுபடி மடிக்கும்போதுகூட முகத்தில் அந்தச் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் எனக்கு நல்ல பெயர். அமைதியான பொம்பளை என்பார்கள்.

வியாதி இன்னதென்று தெரிந்த பங்குனியில் அந்த அமைதி எங்கேயோ போய்விட்டது. பார்க்க வந்தவர்கள்மேல் கோபம் வந்தது. ஒருத்தர் சீத்தா இலையைக் கஷாயம் வைத்துக் குடி என்றார். இன்னொருத்தர், "உங்க வம்சத்துல யாருக்காச்சும் இருந்துச்சா?" என்று என் மகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அவர் போனதும் அவர் காபி குடித்த டம்ளரைச் சுவரில் அடித்தேன். எவர்சில்வர் டம்ளர், உடையக்கூட இல்லை. அதற்கும் கோபம்.

ஆனால் எல்லாரையும்விட அதிகமாகக் கோபம் வந்தது என் கணவர்மேல்தான். அவர் வாலாஜாபாத்தில் ஒரு அரிசி மில்லில் வேலை பார்க்கிறார். காலை ஏழு மணி பஸ்ஸில் போய் மாலை வருவார். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் நன்றாகச் சண்டை போட்ட ஜோடி. குழம்பில் உப்பு, டிவி சத்தம், அவர் அக்கா வீட்டு விசேஷம் என்று எதற்கு வேண்டுமானாலும் சண்டை வரும். அரைமணி நேரத்தில் முடிந்தும் போகும். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவர் சண்டையை நிறுத்திவிட்டார். நான் என்ன சொன்னாலும், "சரிம்மா."

ரசம் புளிக்கிறது என்றால் சரிம்மா. ஃபேனை நிறுத்து என்றால் சரிம்மா. ஏன் நிறுத்தினீங்க, புழுங்குது என்றால் அதற்கும் சரிம்மா. குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, அல்லது சாகப்போகிறவளுக்குச் சொல்கிற மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் வைத்தார். மருந்து ஏற்றின மூன்றாம் நாள். வாயெல்லாம் புண். குழைந்த சோறும் மோரும்.

"இதையா கொண்டாந்தீங்க? இது சோறா, களியா?"

"வேற செஞ்சு தரட்டாம்மா?"

தட்டைத் தூக்கி எறிந்தேன். சோறு கட்டிலிலும் தரையிலும் அவர் வேட்டியிலும் சிதறியது. துணி எடுத்து வந்து, குனிந்து, ஒவ்வொரு பருக்கையாகத் துடைத்தார். அந்தக் குனிந்த தலையைப் பார்க்கப் பார்க்க இன்னும் ஆத்திரம் வந்தது. "திட்டேன், நீயும் ஒரு வார்த்தை திட்டேன்" என்று மனசு கத்தியது.

எல்லாவற்றையும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் என் மகள். கல்லூரியில் கடைசி வருஷம். அப்பா வெளியே போனதும் உள்ளே வந்து, என் முகத்தைப் பார்க்காமல் தலையணை உறையை மாற்றிக்கொண்டே சொன்னாள்: "மா, காலேஜ்லருந்து வரும்போது தெருமுனையில கொஞ்ச நேரம் நின்னுட்டுதான் வரேன். வீட்டுக்குள்ள வர பயமா இருக்குது."

"எனக்கு இன்னா ஆயிடுமோன்னா?"

"இல்லமா. நீ இன்னா மூட்ல இருப்பியோன்னு."

அன்று முழுக்க நான் பேசவில்லை. கோபம் அடங்கிவிட்டது என்று வீட்டில் நினைத்தார்கள். அடக்கித்தான் வைத்திருந்தேன். கடையில் இருபத்திரண்டு வருஷம் செய்த வேலைதானே. நான்கு நாள் அடக்கினேன். ஐந்தாம் நாள் மருந்து ஏற்றப் போன இடத்தில் வெடித்தது.

அந்தக் கூடத்தில் சாய்வு நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருப்பார்கள். கடைசி நாற்காலி ஜன்னலோரம். வெளியே வேப்பமரம். அதற்கு முந்தைய இரண்டு தடவையும் நான் அதில்தான் உட்கார்ந்தேன். அன்று போனால் வேறொருத்தி கால் நீட்டிச் சாய்ந்திருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள் இருப்பாள். மெலிந்து, கண் பெரிதாகத் தெரிந்தது.

"இது என் இடம்" என்றேன்.

"பேரு எழுதி வெச்சிருக்குதா?"

"போன ரெண்டு வாட்டியும் நான்தான் இதுல உக்காந்தேன்."

"அதான் ரெண்டு வாட்டி உக்காந்துட்ட இல்ல? இன்னைக்கு நான் உக்காந்துக்கறேன். எனக்கும் அதே நோவுதான் வந்துக்கீது. உனக்கு மட்டும் ஜன்னலா?"

"வயசுல பெரியவகிட்ட பேசற பேச்சா இது?"

"வயசுல பெரியவ பேசற பேச்சா அது?"

கூடத்தில் இருந்த எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். நான் விடவில்லை. அவளும் விடவில்லை. நான் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொன்னாள். சிஸ்டர் ஓடி வந்து, "ரெண்டு பேரும் பிபிய ஏத்திக்கினா இன்னைக்கு ஒருத்தருக்கும் மருந்து கிடையாது, வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்றார். வாயை மூடிக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு பேர் கையிலும் ஊசி ஏறியது. மூன்று மணி நேரம் எங்கேயும் போக முடியாது.

அரைமணி கழித்து அவள் பேசினாள். "அக்கா, உங்களுக்குச் சண்டை நல்லா வருது. எந்த ஏரியா?"

"பிள்ளையார்பாளையம்."

"அதான பாத்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் பூ விற்கிறவள். வயிற்றில் கட்டி. அன்று பேச ஆரம்பித்து, மருந்து தீரும்வரை பேசினோம். முக்கியமாக எதுவும் இல்லை. முழம் போடும்போது கை அளவைக் குறைக்கிறாள் என்று வாடிக்கைக்காரி ஒருத்தி சொன்னாளாம். "பாத்தியாக்கா, உடம்புதான் இளைச்சுது, கை நீளம் அப்படியேதான் இருக்குது" என்று முழங்கையை நீட்டிக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன். கணவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"இன்னாம்மா, இன்னைக்கு உடம்பு பரவால்லயா?"

"ஒருத்திகூட நல்லா சண்டை போட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் முழுதாகப் புரியவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. அவள் என்னைப் பார்த்துப் பாவப்படவில்லை. இரண்டு மாசத்தில் எனக்குப் பதில் கொடுத்த முதல் ஆள் அவள்.

"நான் கத்துனா நீங்களும் பதிலுக்குக் கத்துங்க" என்று கணவரிடம் சொன்னேன்.

"உன்னப் போயி எப்படிம்மா..." என்றார்.

அது வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மகளுக்குப் பிறந்தநாள். பாயசம் வைக்கலாம் என்று நினைத்தேன். பெரிய குண்டான் பரண்மேல் இருந்தது. கணவர் பால் வாங்கப் போயிருந்தார். உடம்பு கொஞ்சம் தெம்பாக இருந்ததால் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். குண்டானில் கை வைத்த நேரம் அவர் உள்ளே வந்தார்.

"எறங்குடி!"

அப்படி ஒரு குரலை நான் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. வந்த வேகத்தில் என் இடுப்பைப் பிடித்து இறக்கினார். பால் பாக்கெட் தரையில் விழுந்து உருண்டது.

"அறிவு இருக்குதா உனக்கு? டாக்டரம்மா இன்னா சொன்னாங்க? முதுகெலும்பு பலமில்லாம பூஞ்சையா இருக்குது, வுழுந்தா எழுந்துக்க முடியாதுன்னு சொன்னாங்களா இல்லியா? நான் வர வரைக்கும் பொறுக்க முடியாதா?"

ஒரு விநாடி எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நானும் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அவர் நிறுத்தவில்லை. அவர் குரல் வேறு மாதிரி ஆனது.

"எதையும் என்கிட்ட கேக்க மாட்ட. எதையும் சொல்ல மாட்ட. எல்லாம் நீயே பாத்துக்குவ. ஏழு மாசம்! ஏழு மாசம் உன் பக்கத்துலதான இருந்தேன்? ஒரு வார்த்த சொன்னியா?"

அது உண்மை. கட்டி என் கைக்குத் தட்டுப்பட்டது ஆவணியில். குளிக்கும்போது, கோலிக்குண்டு மாதிரி. கல்யாண சீசன், கடையில் லீவு கேட்க முடியாது, மார்கழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மார்கழியில் கல்யாணமே கிடையாது. கடையில் சும்மா உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தோம். அப்போதும் போகவில்லை. அது என்னவென்று தெரிந்துகொள்ளப் பயம். இதை டாக்டரம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன். கணவர் பக்கத்தில் இருந்து கேட்டார். அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. ஏழு மாசம் நான் மறைத்தேன். இரண்டு மாசம் அவர் கோபத்தை மறைத்தார். ஒவ்வொரு சரிம்மாவுக்கும் அடியில் அது இருந்திருக்கிறது.

"சொல்லி இருந்தா இன்னா பண்ணி இருப்பீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கையப் புடிச்சி இழுத்துக்கினு போயிருப்பேன். கடையாவது ஒண்ணாவது. அன்னைக்கே தெரிஞ்சிருந்தா..." சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நான் அதே ஸ்டூலில் உட்கார்ந்தேன். மார்கழியில் நான்கு நாள் ஆஸ்பத்திரிக்கு என்று கிளம்பி, பஸ் ஸ்டாண்டுவரை போய்த் திரும்பி வந்ததை அவரிடம் சொன்னேன். அவருக்குத் தெரியாது. ஒரு நாள் பஸ்ஸில் ஏறிக்கூட உட்கார்ந்தேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது இறங்கிவிட்டேன். "என் மேல எனக்கே வர கோவத்துக்கு அளவு கெடையாதுங்க. அதை எங்க கொண்டுபோயிப் போடறதுன்னு தெரியல" என்றேன். அவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் அழுதோம். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என் மகள் சமையலறை வாசலில் எட்டிப் பார்த்தாள். "முடிஞ்சுதா? பால் பாக்கெட் ஓட்டையாகி வழிஞ்சிக்கினு இருக்குது" என்றாள்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் சண்டை திரும்பி வந்தது. உப்பு, டிவி, அக்கா வீடு எல்லாம். தெருமுனையில் நின்றுவிட்டு வருவதை மகள் எப்போது நிறுத்தினாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. நிறுத்திவிட்டாள் என்று நம்புகிறேன்.

ஆனியில் மறுபடி கடைக்குப் போனேன். வாரத்துக்கு மூன்று நாள், அதே மெத்தை. புடவைக் கட்டுகளைத் தூக்கிக் கொடுக்கப் பக்கத்தில் இருக்கும் பெண்கள் உதவினார்கள். முடி கொட்டியிருந்ததால் தலையில் துணி கட்டியிருப்பேன். மருந்தால் நகங்கள் கறுத்திருந்தன.

ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு குடும்பம் வந்தது. பெண், பெண்ணின் அம்மா, இன்னும் இரண்டு பேர். அரக்கு உடலில் பச்சை பார்டர் போட்ட ஒரு புடவையைப் பிரித்தேன். பெண்ணுக்குப் பிடித்துவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரியும். முந்தானையை நீவிக் காட்டும்போது அவளுடைய அம்மா என் நகத்தைப் பார்த்தார். பிறகு தலையைப் பார்த்தார். எழுந்து போய் மேனேஜரிடம் ஏதோ சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எனக்குக் கேட்டது.

"நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம். வேற யாரையாச்சும் எடுத்துப் போடச் சொல்லுங்களேன்."

மேனேஜர் வந்து குனிந்தார். "அக்கா, நீங்க உள்ள போயி பேக்கிங் பாருங்க."

பஸ்ஸில் வந்ததைவிடப் பெரிய கோபம். ஆனால் கால் நடுங்கவில்லை. யார்மேல், எதற்காக என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அதனால் கத்த வேண்டியிருக்கவில்லை.

"எனக்கு வந்திருக்கறது நோவும்மா" என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். "யாருக்கும் ஒட்டாது, புடவையிலயும் ஒட்டாது. எத்தனையோ பொண்ணுங்களுக்கு இந்தக் கையாலதான் முகூர்த்தப் புடவை எடுத்துக் குடுத்திருக்கேன். உங்களுக்கு வேணாம்னா நீங்க வேற ஆள்கிட்ட பாருங்க. நான் எழுந்து போக மாட்டேன்."

அவர் முகம் சிவந்தது. பெண் செல்போனைப் பார்த்தபடி தலையே நிமிரவில்லை. நால்வரும் எழுந்து கடையை விட்டே போய்விட்டார்கள். நான் சிரிக்கவில்லை. புடவையை மடித்து வைத்தேன்.

"ஒரு கல்யாணப் பார்ட்டி உங்களால போச்சு" என்றார் மேனேஜர். மறுநாளிலிருந்து பேக்கிங் என்று முடிவும் சொல்லிவிட்டார்.

வீட்டில் சொன்னதும் கணவர் சட்டையை மாட்டினார். "நான் வந்து கேக்கறேன்."

"வேணாம். இது என் சண்டை."

காலையில் முதலாளியைப் பார்த்தேன். உட்காரச் சொன்னார், நின்றுகொண்டே பேசினேன். "இத்தனை வருஷத்துல ஒரு கஸ்டமர்கிட்டயாவது முகம் சுளிச்சிருக்கேனா? என்னால முடியலன்னா நானே வந்து சொல்லிட்டு நின்னுக்கறேன். நோவு வந்ததுக்காக என்ன ஒளிச்சு வெக்காதீங்க."

அவர் மேனேஜரைக் கூப்பிட்டு, "அவங்க எடத்துலயே உக்காரட்டும்" என்றார். அவ்வளவுதான். மேனேஜர் இன்றுவரை என்னிடம் நேரே பேசுவதில்லை; பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லித்தான் எனக்கு வரும். சில குடும்பங்கள் என்னைப் பார்த்ததும் நைசாக அடுத்த மெத்தைக்கு நகர்ந்துவிடுகிறார்கள். வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அன்று பேசியதற்காக ஒரு நாளும் நான் வருத்தப்பட்டதில்லை.

கார்த்திகையில் பூக்காரி வரவில்லை. இரண்டு வாரமாகக் காணோம் என்று சிஸ்டரைக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டபோதே புரிந்துவிட்டது. "ஒரு போன் பண்ணிச் சொல்லக் கூடாதா?" என்று அவரிடம் கத்தினேன். அவர் என்ன செய்வார்? திரும்பும்போது சின்ன காஞ்சிபுரத்தில் இறங்கினேன். அவள் சொன்ன இடத்தில் வேறு ஒரு பெண் கூடை வைத்து உட்கார்ந்திருந்தாள். நெருங்கிப் போய்க் கேட்க வாய் வரவில்லை. கோயில் மதிலோரம் நின்று, யாரை என்று தெரியாமல் வாய்விட்டுத் திட்டினேன். நடந்து போனவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இந்தக் கோபத்துக்கு நான் இன்னும் ஒரு வழியும் கண்டுபிடிக்கவில்லை. அது வரும், இருக்கும், போகும். வரும்போது பிள்ளைமேலோ கணவர்மேலோ விழாமல் பார்த்துக்கொள்கிறேன். சில நாள் விழுந்துவிடும். அப்போது போய்ச் சொல்கிறேன், இது உங்களுக்கானது இல்லை என்று.

போன மாசம் ஸ்கேன் எடுத்தார்கள். பெரிதாகவும் இல்லை, சின்னதாகவும் இல்லை, அப்படியே இருக்கிறது என்றார் டாக்டரம்மா. அதே வாரம் மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. போகமாட்டேன் என்றாள். ஒரு வாரம் இரண்டு பேரும் மோதிக்கொண்டோம். கடைசியில் அவள் குரல் உடைந்து கத்தினாள்.

"நீ செத்துப்போற நேரத்துல நான் பக்கத்துல இல்லன்னா, காலம்பூரா எனக்கு எப்படிமா இருக்கும்?"

எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் அதுவரை சொன்னதில்லை.

"கஷ்டமாத்தான் இருக்கும்" என்றேன். "அதுக்காக இப்பலருந்தே ரெண்டு பேரும் உக்காந்து காத்துக்கினு இருக்க முடியாது. டாக்டரம்மா இப்ப ஒண்ணும் அவசரம் இல்லன்னு சொல்லிட்டாங்க. சனிக்கெழமை சனிக்கெழமை வந்துட்டுப் போ. உடம்புக்கு ஏதாச்சும் ஆனா, அன்னைக்கே கூப்பிடுவேன். ஏழு மாசம் காத்திருக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

திங்கட்கிழமை கிளம்புகிறாள். ஹாஸ்டலில் சாப்பாடு போடுகிறார்கள், குக்கர் எதற்கு என்று அவள் சொல்கிறாள். ஒரு நாள் கஞ்சி வைக்கவாவது வேண்டாமா என்று நான் சொல்கிறேன். காலையிலிருந்து இதே சண்டை. அவள் எடுத்து வெளியே வைக்கிறாள், நான் திரும்ப உள்ளே வைக்கிறேன். இப்போதைக்குக் குக்கர் பெட்டிக்குள் இருக்கிறது.